பெட்டி பெட்டியாக வந்த கதை

"அப்படி என்னதான் எழுதுறே இந்த நோட்டுல?" என்று காமினி அக்கா ஒருநாள் கேட்டார். அப்போது அச்சகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. வேறு யார் கேட்டாலும் பையைக் காலுக்கடியில் தள்ளிவிடுவேன். அவரிடம் மட்டும் எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து வயதில் படிவம் மூன்றோடு நான் பள்ளியை நிறுத்தியதை வைத்து ஒருமுறைகூடக் கேலி செய்யாதவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைத் திருப்பித் தந்தார். "பரவால்லலா. ஆனா யார்ட்டயும் காட்டிறாத சுபா. சிரிப்பாங்க."

நான் காட்டவில்லை. பத்திரிகையில் சிறுகதைப் போட்டி அறிவிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுவேன்.

போன வருடம் அவர் கெப்பாலா பத்தாஸில் ஓர் அலுவலக வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் அவர் இருக்கும் சங்கத்தின் ஆண்டு மலர் எங்கள் கடைக்குத்தான் வரும். இந்த முறை பென்டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தார். பழக்கம் விடவில்லை, அதே பழைய எழுத்துருவில்தான் தட்டியிருந்தார். எழுத்துருவும் உள்ளே இருந்தது.

எங்கள் கணினி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. எழுத்துருவை நிறுவினேன். பக்கம் கட்டும் மென்பொருளின் பட்டியலில் பெயரே வரவில்லை. மூடித் திறந்தேன். அப்போதும் இல்லை. பிறகுதான் பார்த்தேன், என் கணக்குக்கு மட்டும் என்று நிறுவியிருந்தது. எடுத்துவிட்டு, எல்லாருக்கும் என்று மீண்டும் நிறுவினேன். பெயர் வந்தது. கோப்பைத் திறந்தால் முப்பத்திரண்டு பக்கமும் வெறும் பெட்டிகள்.

"என்ன புள்ள, மலரு கேட்டா கட்டம் போட்ட நோட்டு காட்டுறே?" முதலாளி ஜபருல்லா அண்ணன் பின்னால் நின்று சிரித்தார். "மூணு மணிக்கு காமினி ப்ரூஃப் பாக்க வருதுலா. அது எழுதுன கதைய சங்கத்துல ஒரே புகழ்ச்சியாம். மொத பக்கமே அதுதான்."

"பாத்துர்றேண்ணே."

காமினி அக்கா முதல்முறையாகக் கதை எழுதியிருக்கிறார். அது பெட்டியாக நிற்கக்கூடாது என்று நான் சாப்பிடக்கூட எழவில்லை. பென்டிரைவைத் துழாவியதில் ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக் கோப்புகள் கிடைத்தன. ஒன்று பழையது. மற்றது பிற்பாடு அதே பெயரில் வந்த யூனிகோடு. நான் நிறுவியது புதியதை. பழைய முறையில் தட்டியதை அதற்குப் படிக்கத் தெரியாது. புதியதை நீக்கி, பழையதைப் போட்டு, கணினியை அணைத்துத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் பளிச்சென்று தமிழ். அண்ணனைக் கூப்பிட வாயெடுத்தவள் முதல் வரியைப் படித்தேன்.

'தொழிற்சாலைப் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டால் அம்மா வாயிலிருக்கும் ரொட்டியை மெல்லாமலே ஓடுவாள்.'

என் அம்மா. புக்கிட் தெங்காவுக்குப் போகும் பேருந்து. பாகான் டாலாமில் நாங்கள் இருக்கும் பிளாட்டின் படிக்கட்டு. அம்மாவின் நீலக் காலுறையில் கட்டைவிரல் தெரியும் ஓட்டைவரை எல்லாம் இருந்தது. தங்கைக்கு ஏழு வயது என்று தொடங்கி, பின்னால் மறந்துபோய் ஒன்பது என்று எழுதியிருந்தேன். அதைக்கூடத் திருத்தவில்லை. தலைப்புக்குக் கீழே காமினி என்று இருந்தது.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தை விரித்து, திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் அவர் வந்தார். "வந்துருச்சா? நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை!" கார்ச் சாவியை மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

திரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு அண்ணன் எங்கே என்று திரும்பிப் பார்த்தார். அண்ணன் பின்னறையில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சுபா," குரலை இறக்கினார். "நீதான் யார்ட்டயும் காட்டமாட்டியே. சும்மா பையில கெடந்து என்னா ஆவப்போவுது? பேரு யார்தா இருந்தா என்னா, நாலு பேரு படிக்கிறாங்கல்ல?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"படிச்சவங்க யாராச்சும் சிரிச்சாங்களாக்கா?"

அவர் முகம் என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே வெட்டும் இயந்திரம் நின்றது. "என்னா காமினி, எல்லாம் சரியா? அடிச்சிறலாமா?" என்று அண்ணன் கத்தினார்.

காமினி அக்கா சாவியை எடுத்தார். பென்டிரைவை எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.