இனி அனுப்ப வேண்டாம்

எனக்குப் பொறுமை கம்மி. அதை மறைக்கத்தான் அந்தச் சீட்டை அச்சடித்தேன்.

எங்கள் துறைக்கு வாரம் இரண்டு கடிதமாவது வரும். கணினி அறிவியலில் இன்னும் யாரும் தீர்க்காத பெரிய கேள்வியைத் தான் தீர்த்துவிட்டதாக யாராவது எழுதியிருப்பார்கள். படித்துப் பதில் போடும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வருடம் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கடுப்பில் ஆயிரம் சீட்டு அடித்து வாங்கினேன். 'தங்கள் தீர்வு கிடைத்தது. முதல் தவறு: பக்கம்..., வரி... இனி அனுப்ப வேண்டாம்.' எண்ணை நிரப்பினால் வேலை முடிந்தது. மிச்சச் சீட்டுகள் என் அறைக்கு வெளியே நடைக்கூடத்துப் பெஞ்சுக்கு அடியில் கட்டாகக் கிடந்தன.

அதிகம் சீட்டு வாங்கியவர் ஒரு பேருந்துப் பணிமனையில் டியூட்டி சார்ட் போடுபவர். வியாழன்தோறும் அவருக்கு வார விடுமுறை; அன்றைக்கு நேரிலேயே வந்துவிடுவார் என்பதால் துறையில் அவருக்கு வியாழக்கிழமை என்றே பெயர். வந்தால் மதியம் வரை பெஞ்சில் உட்கார வைப்பேன். அலுத்துப்போய் நின்றுவிடுவார் என்பது என் கணக்கு. மனிதர் அலுக்கவே இல்லை.

அவருடைய கேள்வி இதுதான். எந்த ஓட்டுநருக்கு எந்தப் பேருந்து என்று மட்டும் பார்த்தால் ஜோடி சேர்ப்பது சுலபம். எத்தனை நூறு பேர் இருந்தாலும் வேகமான வழி உண்டு. ஓட்டுநர், பேருந்து, வழித்தடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்றால்தான் தலை சுற்றும். போட்டு முடித்த சார்ட்டைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். போடுவதற்கு, எப்போதும் பலிக்கிற வேகமான வழி உண்டா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. இதற்கு விடை கிடைத்தால் இதைப் போன்ற ஆயிரம் கணக்குகளுக்கும் சேர்த்துக் கிடைத்துவிடும். உண்டு என்று அவர் பதினொரு முறை எழுதிக்கொண்டு வந்தார். இல்லை என்று நிரூபிக்க நான் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் என் நிரூபணம் முடிந்தது. நாற்பத்தொரு பக்கம்.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிதாக எதையாவது நிரூபித்ததாகச் சொல்பவர், கருத்தரங்குக்கு முன்னால் இரண்டு வாரம் அதை நடைக்கூடத்துப் பலகையில் முழுசாகக் குத்தி வைக்க வேண்டும். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் தொங்கும். போகிற வருகிற யாரும் எழுதலாம். சக பேராசிரியர்கள் முதல் மூன்று பக்கம் படித்துவிட்டு என் கையைக் குலுக்கினார்கள். ஒருவர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார். திங்கட்கிழமை கருத்தரங்கு. வெளியூரிலிருந்து பதினாறு பேர் வருவதாக இருந்தது. என் கணவர் பல் மருத்துவர். அன்றைக்கு யாருக்கும் பல் பிடுங்குவதில்லை என்று கிளினிக் கதவில் எழுதியே ஒட்டிவிட்டார். மகள் என்னைக் கூட்டிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்க வைத்தாள். ஒன்பது வருடம் என்னோடு சேர்ந்து காத்திருந்தவர்கள் அவர்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதற்கு முந்தைய வியாழன் அவர் வந்தார். வழக்கம்போல் பெஞ்ச். மதியம் கூப்பிட்டு, பன்னிரண்டாவது தீர்வை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கையில் காகிதக் கட்டு எதுவும் இல்லை.

"போன வாரமும் இன்னைக்கும் உங்களோடதைத்தான் மேடம் படிச்சிட்டிருந்தேன். பாதிக்கு மேல புரியல. ஆனா நான் முதல் தடவை வந்தப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஒரு கணக்கு கஷ்டம்னு நிரூபிச்சா, அதே இடத்துல சுலபமான கணக்கை வெச்சுப் பாக்கணும், எங்கயாவது இடிக்கணும், இடிக்கலேன்னா நிரூபணம் தப்புன்னு."

சொல்லியிருப்பேன். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான்.

"வழித்தடத்தை எடுத்துட்டு, ஓட்டுநர், பேருந்து ரெண்டை மட்டும் வெச்சுக் கடைசி வரைக்கும் படிச்சேன். எங்கயும் இடிக்கல மேடம்."

அதாவது, என் நிரூபணம் சரியென்றால் வெறும் ஜோடி சேர்ப்பதற்கும் வேகமான வழி கிடையாது. அதை அவர் தினமும் காலையில் டீ ஆறுவதற்குள் செய்து முடிக்கிறார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாதி புரியாதவர் எனக்குச் சொல்ல வந்துவிட்டாரே என்று மனதுக்குள் கருவினேன். வெளியே, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் பிரிக்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு பக்கம் பக்கமாக மூன்றை இரண்டாக்கினேன். முதல் வரைவில் இந்தச் சோதனையைச் செய்திருந்தேன். அப்போது ஒன்பதாம் பக்கத்திலேயே நங்கென்று இடித்தது. பிறகு ஐந்து வருடத்தில் நிரூபணம் ஆளே மாறிவிட்டது. சோதனையை நான் மறுபடி செய்யவில்லை. இருபதாம் பக்கம் தாண்டியும் இடிக்கவில்லை. முப்பதிலாவது இடித்துவிடு என்று காகிதத்தைக் கெஞ்சினேன். நாற்பத்தொன்றாம் பக்கம் வழுக்கிக்கொண்டு முடிந்தது.

தவறைத் தேடுவது அப்புறம் கஷ்டமாக இல்லை. இருபத்துமூன்றாம் பக்கம், ஆறாம் வரி. எந்த வழியானாலும் எல்லாச் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று என்னை அறியாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். கடிதக்காரர்களுக்கு நான் எழுதி எழுதிக் கை தேய்ந்த தவறு அது. என் நிரூபணத்தில் அது நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

துறைத் தலைவருக்குப் போன் செய்து திங்கட்கிழமையை ரத்து செய்யச் சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். டியூட்டி சார்ட் போடுபவர் என்றேன். பிறகு கணவரைப் போனில் கூப்பிட்டு, திங்கட்கிழமை நீங்கள் பல் பிடுங்கலாம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரிம்மா, வீட்டுக்கு வா. மெதுவா வா."

கிளம்பும்போதுதான் மேசை ஓரத்துத் தாளைப் பிரித்தேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்த என் சீட்டு. பலகைப் பென்சிலால் நிரப்பியிருந்தார். பக்கம்: தெரியவில்லை. வரி: தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. அதற்குக் கீழே இருந்த 'இனி அனுப்ப வேண்டாம்' என்பதை மட்டும், சார்ட்டில் ஒரு டியூட்டியை ரத்து செய்வதுபோல, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார்.

பதினொரு முறை அந்த வரியை அப்படியே விட்டுத்தான் அவரிடம் நீட்டியிருக்கிறேன். ஒன்பது வருடம் போனதற்கு வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.