வேலி வரைக்கும்

பெலிசா அடிகுழாயின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி இரண்டாவது வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், மூடிப்போன பெட்ரோல் பங்க்கில், மண்வாரி இயந்திரம் தரையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒழுகிப்போன பழைய தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டி இருந்த இடத்தில் பெரிய குழி. அங்கிருந்து கறுத்த மண்ணை வாரி வாரி லாரியில் ஏற்றினார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பெட்ரோல் வாடை அவளுடைய சாப்பாட்டுக் கடைக்குள் வந்து சோற்றுப் பானையின் மேல் உட்காரும்.

வாடை வந்தாலும் வியாபாரம் வந்தது. லுசேனா நகரத்திலிருந்து மண்ணைச் சுத்தம் செய்ய வந்த ஆட்கள் எல்லோரும் அவள் கடையில்தான் சாப்பிட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்தது தம்பி பெர்த்தோ. அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கூலியாகச் சேர்ந்தவன் இப்போது அங்கே மேஸ்திரி.

"அக்கா கைச் சினிகாங்குக்காகவே இந்தக் குழியை இன்னும் ஆழமாத் தோண்டலாம்டா," என்று இயந்திரம் ஓட்டுகிற கோரோ முதல் வாரமே சொன்னான். புளியங்காயும் பன்றிக்கறியும் போட்ட அந்தப் புளிப்புச் சூப்பை அவன் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பான்.

பிறகு ஒரு நாள் அவர்கள் அவளுடைய அடிகுழாயிலிருந்து சோதனைக்கென்று சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் பிடித்தார்கள். குமிழி ஒன்றுகூட இல்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, பெர்த்தோவே சுமந்துகொண்டு போனான். சோதனையில் என்ன வந்தது என்று சில நாள் கழித்து அவள் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு, அக்கா," என்றான். பல்லிடுக்கில் சிக்கிய மீன்முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்.

அதற்கப்புறம்தான் சூப் மிஞ்ச ஆரம்பித்தது. கோரோ, சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். இன்னொருவன் வயிறு சரியில்லை என்றான். பின் சோற்றையும் வெளியிலிருந்து கட்டிக்கொண்டு வந்து, அவளிடம் பொரித்த மீன் மட்டும் வாங்கினார்கள். மகள் ஒடெசா தன் மாமன் பெர்த்தோவுக்குத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் அது வைத்தபடியே இருக்கும். ஒடெசாவுக்கு ஏழாம் மாதம். புருஷன் கப்பலில். தன் கைப்பக்குவம் போய்விட்டதோ என்று பெலிசா புளியங்காயைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள்.

வேலைக்குப் புதிதாய் வந்த நெஸ்தோர் அன்று மதியம் நேராக அடிகுழாய்க்குப் போய், குனிந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி வாயில் ஊற்றினான்.

"துப்புடா, துப்பு!" கோரோ பெஞ்சிலிருந்து எழுந்து கத்தினான். "அந்தத் தண்ணியப் போயா வாயில ஊத்துற? பெர்த்தோ உனக்குச் சொல்லலையா?"

சொன்ன பிறகுதான் பெலிசா கரண்டியோடு நிற்பதைப் பார்த்தான். உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டான்.

"என்ன சொல்லணும், பெர்த்தோ?" என்று அடுத்த பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியைக் கேட்டாள்.

"உள்ள போய்ப் பேசலாம், அக்கா."

"இங்கயே பேசு."

பெர்த்தோ தொப்பியைக் கழற்றினான். "தண்ணியில பெட்ரோல் கொஞ்சம் கலந்திருக்குன்னு வந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது, வாடையும் இருக்காது. விஷயத்தை வெளிய விடக் கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. சொன்னா எனக்கு வேலை இருக்காது."

"இவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கியே."

"இவங்க என் கீழ வேலை பார்க்கிறவங்க. ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க."

"ஒடெசாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவன் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"வயித்துப் பிள்ளையோட அவ குடிக்கிறதப் பார்த்துக்கிட்டுத்தானடா உக்காந்திருந்த? அவ ஊத்திக் குடுத்தத நீ தொடல. அவ குடிச்சா மட்டும் பரவாயில்லையா?"

"சொல்லிடலாம்னுதான் தினம் வருவேன், அக்கா..."

"தினம் வந்த. மீன் தின்ன. போன."

அன்று வைத்த சினிகாங்கை அவள் சட்டியோடு தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஒடெசா வாசலில் நின்று வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். மறுநாள் சுகாதார நிலையத்து மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை அசைகிறது, மற்றதைப் பிறந்த பிறகுதான் சொல்ல முடியும் என்று அனுப்பிவிட்டாள்.

பெலிசா நியாயம் கேட்கப் போனபோது, பங்க் வாசலில் பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்களுக்குக் குடுத்த வேலை வேலி வரைக்கும்தாம்மா. உங்க பக்கத்தை யாரு பார்க்கணும்னு வக்கீலுங்க பேசிட்டிருக்காங்க."

"அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க என்னத்தக் குடிக்கிறது?"

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலம் பெர்த்தோ தோளில் ஒரு தண்ணீர்க் கேனோடு வந்தான். பெலிசா கதவைத் திறக்கவில்லை. அவன் போன பிறகு ஒடெசாதான் அதை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தாள். "தாகமா இருக்கும்மா," என்றாள்.

வார முடிவில் மணல் லாரிகள் வந்தன. கழுவியெடுத்த வெளிறிய ஆற்றுமணல். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பெலிசா எழுந்து வேலியோரம் போய்க் குனிந்து எட்டிப் பார்த்தாள். குழியின் சுவர்கள் கத்தியால் வெட்டின மாதிரி நேராக இறங்கின. மற்ற மூன்று பக்கமும் சிவப்பு மண். அவள் பக்கத்துச் சுவரில் மட்டும், ஆள் உயரத்துக்குக் கீழே, கறுப்பாக ஒரு பட்டை. பளபளவென்று ஈரத்தோடு அவள் அடுப்படிக்கு அடியில் போய் மறைந்தது.

அந்த ஒரு சுவரை மறைத்துத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது எதுக்குப்பா?" என்று மேலே கயிற்றைப் பிடித்திருந்த நெஸ்தோரைக் கேட்டாள்.

"அந்தப் பக்கத்து அழுக்கு இந்தப் புது மணலுக்கு வந்துரக் கூடாதுல்ல, அக்கா," என்றான் அவன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குழிக்குள் ஏணியில் நின்று விரிப்பின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் பெர்த்தோ. அவள் நிழல் அவன் மேல் விழுந்தது. அவன் நிமிரவில்லை. எங்கேயும் சந்து விழாமல், மடிப்பை விரலால் நீவிவிட்டு, அடுத்த ஆணியை வைத்தான். கடைசி ஆணியும் இறங்கியதும் மேலே ஏறி வந்து கையசைத்தான். முதல் லாரி பின்பக்கத்தைத் தூக்கிச் சுத்தமான மணலைக் கொட்டத் தொடங்கியது.