அண்ணன் நீட்டிய தகடு

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை இன்று நான் ஸ்டார்ட் செய்துவிட்டால் வண்டி எனக்கு. இல்லையென்றால், உரிமையை விட்டுக்கொடுப்பதாக அண்ணன் எழுதி வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பந்தயம் வைத்தவன் அவன். மெக்கானிக் அவன், ஷெட் அவனுடையது, தீர்ப்பு சொல்லப்போகிறவனும் அவனே.

“நான் இந்த டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் டைம்,” என்றான்.

பாயிண்ட் மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு சின்ன முனைகள். அவை சரியான இடைவெளியில் பிரிந்தால்தான் பிளக்கில் பொறி வரும்.

“கேஜ் எங்கண்ணா?”

என்றுமில்லாத பாசத்தோடு, இடைவெளி அளக்கும் அந்த மெல்லிய தகட்டை எடுத்து, தோளில் கிடந்த துணியில் துடைத்து நீட்டினான். “இந்தா. உனக்கு இல்லாததா?”

முனைகள் முழுதாகத் திறக்கும்வரை இன்ஜினைச் சுற்றினேன். தகட்டை நுழைத்து, திருகை முறுக்கினேன். முறுக்கும்போது நகர்ந்துவிடும் என்பதால் மறுபடி அளந்தேன். கச்சிதமாக இருந்தது.

உதைத்தேன். மூச்சு பேச்சு இல்லை. முழங்கால் விண்ணென்று வலிக்கும்வரை உதைத்தேன்.

“இது என்ன, கேஸ் அடுப்புன்னு நெனச்சியா?” என்று பல்லைக் காட்டினான்.

அவனைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் என் விரல்கள் வழவழப்பதைக் கவனித்தேன். அவன் தோளில் கிடந்தது துடைக்கும் துணியல்ல, செயினுக்கு எண்ணெய் போடும் துணி. பாயிண்டில் எண்ணெய் பட்டால் பொறி செத்துவிடும். அப்பா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்ன முதல் விஷயமே அதுதான். பாவி!

“சுத்தமான பேப்பர் குடு.”

“ஷெட்ல ஏது சுத்தமான பேப்பர்?”

இருந்தது. அவன் சட்டைப்பையில், மடிப்புக் கலையாமல். எட்டிப் பிடுங்கினேன்.

“ஏய்! நீ கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர்டி அது!”

கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தையே நீளமாகக் கிழித்து, முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தேன். கறுப்பாக வந்தது. தாள் வெள்ளையாக வரும்வரை இழுத்தேன்.

உதைத்தேன். ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது.

“அப்பா உனக்கு மட்டும் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டாரு!” என்று கத்தினான்.

“உனக்கும்தான் சொல்லிக் குடுத்தாரு. அதனாலதானே அந்தத் துணியை எடுத்த?”

அவன் கிளாஸில் டீ பாதி இருந்தது. கிழித்த துண்டை அதற்குள் போட்டுவிட்டு, மூடியைக்கூட மாட்டாமல் கியரைப் போட்டேன்.