முந்தானையில் ஏறிய கோபுரம்

கோமளத்துக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வருஷா வருஷம் நடக்கும் ஊசிநூல் சந்தையில், வாசலை ஒட்டிய முதலாம் நம்பர் ஸ்டால். மூன்று வருஷமாக அவளுக்கு வாய்த்தது நாற்பத்தொன்று. கடைசி மூலை, பக்கத்திலேயே பஜ்ஜிக் கடை. சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி தின்றவர்கள், அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூப்போட்ட கைக்குட்டையை எடுத்து, "எவ்வளவு மாமி?" என்று கேட்கிற சாக்கில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வயிறு எரியுமா எரியாதா?

சந்தை திறக்கிற நாள் காலையில் ஒரு போட்டி உண்டு. இரண்டு மணி நேரத்தில் கசூதித் தையலில் ஒரு கோபுரம். ஜெயித்தவருக்கு முதல் ஸ்டால், மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல். மூன்று வருஷமும் ஜெயித்தவள் ஜெயபாரதி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தெற்கத்திக் குடும்பத்துக்காரி, ஊசி பிடித்தால் கை பறக்கும்.

கசூதி என்பது கர்நாடகத்துத் தையல், பொல்லாத தையல். முடிச்சே போடக் கூடாது. நூல் போன வழியே திரும்பி வர வேண்டும். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அச்சு அசல் அப்படியே இருக்க வேண்டும். மரச் சட்டம் மாட்டக் கூடாது, துணியை மடியில் போட்டு இழை எண்ணித்தான் குத்த வேண்டும். மற்றவர்கள் பத்துக் குத்துக்கு ஒரு தரம் துணியைப் புரட்டிப் பார்ப்பார்கள். கோமளம் பார்க்கவே மாட்டாள். "புரட்டிப் பாக்கறவா கத்துக்குட்டி. பின்பக்கம் என் விரலுக்கே தெரியும்" என்பாள். அந்தப் பெருமைதான் இந்த வருஷப் போட்டியில் அவள் காலை வாரிவிட்டது.

ஜமக்காளத்தில் பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கோமளத்தின் இடப்பக்கம் ஜெயபாரதி. மூலையில் ஒரு பெரிய மின்விசிறி பேய்க்காற்று வீசிற்று. மணி அடித்ததும் குனிந்த தலைகள் நிமிரவில்லை. கோமளத்துக்கு அன்று கை அப்படி ஓடியது! கடுகு மஞ்சள் நூல், வெள்ளைத் துணி, ஏழு நிலைக் கோபுரம். ஊசி மட்டும் கொஞ்சம் இறுக்கமாக ஏறியது. துணிக்குக் கஞ்சி ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைசிக் கலசத்தைக் குத்தி முடித்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ஸ்டால் கண்முன் வந்து நின்றது.

மணி அடித்தது. கோமளம் துணியை உயரத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்தாள்.

"ஏ! யாரு என் முந்தானைய இழுக்கது?" என்று அலறினாள் ஜெயபாரதி.

துணியின் கீழே அரக்குச் சேலை ஒன்று தொங்கியது. அந்தச் சேலையின் மறுகோடியில் ஜெயபாரதி இருந்தாள். மின்விசிறி அவள் முந்தானையைத் தூக்கிக் கோமளத்தின் மடியில் போட்டிருக்கிறது. அதன்மேல் துணியை வைத்து, இரண்டையும் சேர்த்து இவள் ஏழு நிலையும் கட்டிவிட்டாள்.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுண்டேனே, பகவானே!" என்றாள் கோமளம்.

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. நடுவர் சுப்புராயன் மட்டும் சிரிக்கவில்லை. நெசவுப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவர், பல்வலிக்காரர் மாதிரி முகம். பூதக்கண்ணாடியோடு வந்து முன்பக்கம் பார்த்தார். முந்தானையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். அரக்கில் அதே கோபுரம், ஒரு இழை பிசகாமல், மஞ்சளாய் நின்றது. முந்தானை காற்றில் திரும்பி விழுந்திருந்ததால் சேலையின் நல்ல பக்கத்திலேயே அமைந்துவிட்டது.

"முதல் பரிசு இதுக்குத்தான்" என்றார். கோமளத்தின் வாயெல்லாம் பல். "ஆனா துணி தனியா மேசை மேல இருக்கணும். அது சட்டம். அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுக் குடுங்க. இல்லேன்னா அடுத்தது ஜெயபாரதி அம்மாவோடது."

எப்படிப் பிரிப்பது? நூலை உருவினால் கோபுரம் போச்சு. கத்தரித்தால் சேலை போச்சு. அதுவும் யாருடைய சேலை! சும்மா நின்றாலே முதல் ஸ்டால் வாங்கிக்கொள்ளப்போகிறவளின் சேலை. கோமளம் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தாள்.

ஜெயபாரதியோ இவள் பக்கமே பார்க்கவில்லை. முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அரக்குல மஞ்சள் இப்பிடித் தூக்குமா? எனக்குத் தோணவே இல்லியே!" என்றாள். பிறகு சுப்புராயனிடம் திரும்பினாள். "ஏன் சார், துணி என் மேல இருக்கக் கூடாது, அம்புட்டுத்தானே?"

கோமளத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு மணமகள் அறைக்குள் ஓடினாள். விற்பனைக்குக் கொண்டுவந்த மூட்டையிலிருந்து ஒரு பச்சைச் சேலையை உருவிக் கட்டிக்கொண்டு, மூன்றே நிமிஷத்தில் வெளியே வந்தாள். அரக்குச் சேலையை முழுசாக, கோபுரத்தோடு, மேசைமேல் பரப்பினாள்.

"தனியா இருக்கா சார்? எழுதுங்க. ஆனா ஒண்ணு, சேலையும் கோபுரமும் எனக்குத்தான்."

"எடுத்துக்கோடிம்மா, எடுத்துக்கோ! நன்னா இரு!" என்று கோமளம் அவளைக் கட்டிக்கொண்டாள். சுப்புராயன் சட்டப் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டிவிட்டு எழுதினார். குலுக்கலில் ஜெயபாரதிக்கு விழுந்தது நாற்பத்தொன்று.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. முதல் ஸ்டாலில் கோமளம் சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜனம் திமுதிமுவென்று உள்ளே வந்தது, வந்த வேகத்தில் அவளைத் தாண்டிப் போனது. பஜ்ஜி மணம் வாசல்வரை வந்து ஆளை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒன்பது பேரும் கேட்டது, "மாமி, செருப்பு எங்க விடணும்?"

அழுகை வரும்போல இருந்தது. இதற்காகவா மூன்று வருஷம் தவம் கிடந்தோம்?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயபாரதி மூச்சிரைக்க ஓடிவந்தாள். மறுபடி அரக்குச் சேலை, முதுகில் மஞ்சள் கோபுரம்.

"யக்கா, எந்திரிங்க! பஜ்ஜிக்கு நிக்கிற வரிசை பூரா என் முதுகையே பாத்துக்கிட்டு நிக்கி. பதினேழு பேரு முந்தானைய நீட்டிட்டாங்க, இதே மாதிரி வேணுமாம். நான் ஒத்தக் கையால எத்தன கோபுரம் கட்ட?"

"பதினேழா!"

"நீங்க வரதுக்குள்ள இருவது ஆயிரும்."

கோமளம் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. கைக்குட்டைகளை அள்ளி மூட்டை கட்டி, முதல் ஸ்டாலை அம்போவென்று விட்டுவிட்டு, அவள் பின்னாலேயே ஓடினாள்.

"இன்னா மாமி, அங்க காத்து வரலியா?" என்று பஜ்ஜிக் கடை சக்திவேல் இரண்டு பஜ்ஜியை அவள் கையில் திணித்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் அதைத் தின்று பார்த்தாள். அடடா! இவ்வளவு நாளும் இதையா முறைத்துக்கொண்டிருந்தோம்?

"மாமி, என்னுது பாருங்கோ" என்று ஒருத்தி நீலப் பட்டு முந்தானையை நீட்டினாள். கோமளத்தின் பத்து விரலிலும் எண்ணெய். சுற்றும் முற்றும் பார்த்தாள். கைக்கெட்டிய தூரத்தில் அவளே பூப்போட்ட கைக்குட்டைதான் இருந்தது.

எடுத்துத் துடைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே துடைத்தது.