ஞாயிற்றுக்கிழமை வீடு

அந்த வீட்டை அவர்கள் வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய ஆறு வருடக் கோபமும் அந்தக் கிழமையில்தான் தொடங்கியது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று. குன்றின் அடிவாரத்தில் பாறையை ஜல்லியாக அரைக்கிற கிரஷர். வாரத்தில் ஆறு நாள் ஓடும், ஞாயிறு மட்டும் ஓடாது. அது ஓடாத நாளில் வந்து நின்றால் நான்காம் மாடிப் பால்கனியில் காற்று அள்ளிக்கொண்டு போகும், வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். அவள் புருஷன் மயங்கியது அந்தக் காற்றில்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கிப் பெரிய மனிதர்களின் பால்கனிகளை எல்லாம் பார்த்தவர், தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை.

"வேற ஒரு கிழமையில வந்து பாக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று அவள் கேட்காத மாதம் கிடையாது.

"வேற கிழமையில எனக்கு ஏது லீவு?" என்பார்.

நியாயமான பதில்தான். நியாயமான பதிலைக் கேட்டால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

குடிவந்த மறுநாள் திங்கள். காலை ஆறு மணிக்குக் கிரஷர் வாயைத் திறந்தது. ஏழு மணிக்கு அவள் தண்ணீர்க் குடத்தைத் திறந்தால் மேலே ஒரு சாம்பல் படலம். தலையணையில் தூசி, குழந்தையின் புருவத்தில் தூசி, மூடி வைத்த பீரோவுக்குள் மடித்து வைத்த துணியின் மடிப்பில் தூசி. அவளுக்கு வேலையோ நகரின் நடுவே இருந்த பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில், மேற்பார்வை. பத்தடி தள்ளி நின்றே வெள்ளை விரிப்பில் கடுகளவு கறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அங்கே அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். ஊரார் படுக்கையெல்லாம் பளபளக்கப் பார்த்துக்கொள்கிற கழுகு தன் பிள்ளையைப் புழுதியில் படுக்கப் போட்டால் எரியுமா, எரியாதா?

இதற்கு முன்னால் இருந்த இடங்கள் மட்டும் சொர்க்கமா என்றால், அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை. நடந்தே வேலைக்குப் போகலாம். ஆனால் வீட்டுக்காரி கதவுக்கு வெளியே நின்று இவர்கள் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். விருந்தாளி வந்தால் முகம் சுண்டிப் போகும். ஒருநாள் இவளுடைய தம்பி வந்து இரண்டு தடவை கழிப்பறைக்குப் போனதைக் கூட வாய்விட்டுச் சொல்லிக் காட்டினாள். மானம் கெட்டுப் போய் அங்கிருந்து லிஃப்ட் கம்பெனியின் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். மரம், நிழல், நல்ல தண்ணீர், எல்லாம் இருந்தது. பஸ்தான் இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவளுக்கு வலி எடுத்தது மத்தியானம். பக்கத்து வீட்டுக்காரரின் சரக்கு ஆட்டோவில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி எரிகிற அடுப்பில் விழுந்த கதையாக அதற்கப்புறம்தான் இந்தச் சொந்த வீடு.

அன்று பிறந்தவளுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்று வருடமாக இழுப்பு. மாடிப்படி ஏறினால் விசில் மாதிரி ஒரு சத்தம் நெஞ்சிலிருந்து வரும். போன மாதம் டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "மருந்து நான் குடுக்கிறேன். காத்துக்கு நான் எங்கம்மா போறது? அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்க" என்றார்.

கிளம்பத்தான் வேண்டும். டவுனுக்குள் ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை விலைக்குப் பார்த்தாகிவிட்டது. இதில் பாதிகூட இல்லை. சன்னலைத் திறந்து கையை நீட்டினால் அடுத்த கட்டடத்துச் சுவர். வெயில் என்பதே வராது. ஆனாலும் தூசி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பேசி முடிக்காவிட்டால் அதையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்க இதை விற்க வேண்டும்; சொல்கிற விலையில் கொஞ்சம் குறைந்தாலும் பணம் பத்தாது.

விற்றுத் தர வந்த தரகரை அந்தக் கட்டடமே 'ஞாயிறு' என்றுதான் கூப்பிடும். மற்ற கிழமைகளில் மனிதர் கண்ணிலேயே பட மாட்டார். முதல் நாள் சாயங்காலமே போன் செய்து உத்தரவு போட்டார்.

"காலைல ஏழு மணிக்கெல்லாம் தண்ணி விட்டுத் துடைச்சிடுங்க தங்கச்சி. ஜன்னல் கம்பியையும் விட்டுடாதீங்க. அப்புறம் பால்கனிக் கொடியில நல்ல வெள்ளையா ஒரு பெட்ஷீட் காயப் போடுங்க."

"அது எதுக்கு?"

"வெள்ளைத் துணி காயுதுன்னா அந்த இடத்துல தூசி இல்லைன்னு அர்த்தம். பாக்கறவங்க மனசுல தானா பதிஞ்சிரும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடத்துக்கு முன்பு அவர்கள் வந்து பார்த்த அன்றும் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பு ஆடிக்கொண்டிருந்தது. "பாருங்க, எவ்ளோ சுத்தமான இடம்" என்று அதைக் காட்டிச் சொன்னதே அவள்தான். ஆறு வருடமாகப் புருஷனைத் திட்டியவளுக்கு அந்த நிமிடம் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கழுகுக்கண்ணாம், கழுகுக்கண்!

ஆனாலும் விரிப்பைப் போட்டாள். வெளுத்ததில் குறையே சொல்ல முடியாத விரிப்பு. போட்டுவிட்டுப் புருஷனிடம், "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. மறைச்சாச்சு. போதுமா?" என்றாள்.

"நம்ம புள்ளைய நெனச்சுக்க" என்றார் அவர்.

"நெனச்சதாலதான் போட்டேன்."

பத்து மணிக்குத் தரகர் ஒரு தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் மருந்துக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அவன் மனைவிக்கு ஏழு மாதம் இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பொறுமையாகப் பார்த்தாள். தரகர் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, "காத்தைப் பாருங்க. காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றார். லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். கிரஷர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

"நல்ல இடமா இருக்கே, ஏங்க விக்கிறீங்க?" என்று வேன்காரன் கேட்டான்.

"எனக்கு வேலை டவுனுக்குள்ள மாறிடுச்சு" என்றார் லிஃப்ட்காரர், தரையைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவள் கை வயிற்றின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்குள் ஏதோ அறுந்து போயிற்று. இன்னும் பூமியைத் தொடாத பிள்ளை. அதன் நெஞ்சிலும் அந்த விசில் சத்தமா? யார் யாரோ தின்று கொழுக்க இந்தப் பாவத்தில் நான் ஏன் கை நனைக்க வேண்டும்? "தண்ணி குடிக்க வாங்கம்மா" என்று அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். அலமாரிக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு இழு இழுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக அப்பியிருந்தது.

"இந்த இடத்தை முந்தாநேத்துதான் துடைச்சேன். பின்னாடி கிரஷர் இருக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அதான் ஓடல. மத்தியானத்துல வெடி வைப்பாங்க, சுவரே ஆடும். என் பொண்ணுக்கு மூணு வருஷமா மூச்சு இழுக்குது. வயித்துப் புள்ளையோட இங்க வராதீங்க. நல்லதுக்குச் சொல்றேன், போயிடுங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தன்மேல் அவளுக்கே ஒரு மரியாதை வந்தது.

அந்தப் பெண் அவசரமே படவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"தெரியும்க்கா. புதன்கிழமை வந்து கீழ நின்னு பாத்துட்டுத்தான் போனோம். என் முந்தானையெல்லாம் மாவு மாதிரி ஆயிடுச்சு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"இப்ப நாங்க இருக்கறது தரைமட்டத்துக்கும் கீழ. மழை பெஞ்சா பாத்ரூம் ஓட்டை வழியா சாக்கடை உள்ள வரும், கட்டில்மேல ஏறி உக்காந்துப்போம். போன மழையில என் மூத்தவனோட கால் கட்டை விரலை எலி கடிச்சிடுச்சு. ரெண்டு வயசு அவனுக்கு. தூசின்னா துடைச்சுக்கலாம்க்கா. எலியை என்ன பண்றது?"

இவ்வளவு நேரம் அடங்கியிருந்த அந்தப் பெண்ணின் குரல் சூடேறிற்று.

"இது நாங்க பாக்கற மூணாவது வீடு. போன ரெண்டு வீட்லயும் இப்படித்தான் ஒரு நல்லவங்க தனியா கூப்பிட்டு, வாங்காதீங்க, நல்லதுக்குச் சொல்றோம்னாங்க. கேட்டுட்டுத் திரும்பிப் போனோம். போயி எங்க படுத்தோம்? அதே சாக்கடைக்கு மேல! நீங்கள்லாம் ஓடறதுக்கு ஒரு இடம் வச்சிருக்கீங்க. நாங்க ஓடி வர்றதுக்குக் கெடைக்கறதே இதுதான். இதையும் வேணாம்னா நாங்க ஆகாசத்துலயா குடியிருக்கிறது?"

"கோச்சுக்காதம்மா. நான் மனசுல பட்டதைச் சொன்னேன்."

"சொன்னது சந்தோஷம். மறைக்காமச் சொன்னீங்க." அந்தப் பெண் டம்ளரைக் கழுவி அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தாள். பிறகு திரும்பி நேராகப் பார்த்தாள். "வீட்ல இவ்ளோ குறை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. உங்க வீட்டுக்காரர் சொல்ற விலை குறையே இல்லாத வீட்டுக்கான விலை. அதைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கக்கா. எங்களுக்கு மூச்சு விட வசதியா இருக்கும்."

கேட்டது நியாயம். ஒரு வார்த்தை தப்பில்லை. விலையைக் குறைக்கலாம். குறைத்தால் அச்சகத்து மாடி போய்விடும். வெள்ளிக்கிழமை வேறு யாரோ அங்கே பாயை விரிப்பார்கள். இவள் மகள் இன்னொரு வருடம், அதற்கும் மேல் இன்னொரு வருடம் இந்தப் படியில் விசிலடித்துக்கொண்டு ஏறுவாள். வாயால் சொல்வதற்குச் செலவில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது போலிருக்கிறது.

"முடியாது" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஒரு பைசா குறைக்க முடியாது."

அந்தப் பெண் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அப்புறம் எதுக்குக்கா எங்கிட்டச் சொன்னீங்க?"

பதிலுக்கு அந்தப் பெண் நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள். "நமக்குப் பிடிச்சிருக்குங்க, அவங்க சொன்ன விலைக்கே பேசி முடிச்சிடுங்க" என்று தன் புருஷனிடம் சொல்வது சமையலறைக்குள் தெளிவாகக் கேட்டது. தரகர் உரக்கச் சிரித்தார். லிஃப்ட்காரர், "ஏம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது, அட்வான்ஸ் பத்திரத்துல நீயும் கையெழுத்துப் போடணும், வா வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

யார்மேல் பாய்வது? புருஷன்மேலா, தரகர்மேலா, எவனோ ஒரு கிரஷர் முதலாளிமேலா? கையில் கிடைத்த துடைப்புத் துணியைச் சுவரில் ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். வெளியே மறுபடியும் கூப்பிட்டார்கள். "வரேன்" என்று கத்திவிட்டு, விரலில் அப்பியிருந்ததைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போனாள்.