பிம் துரையின் கடைசி நடை

பாலைவனத்தின் நடுவில் இருக்கும் அந்த ஊருக்கு பிம்ஸ் வெல் என்று பெயர். பிம்மின் கிணறு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஆகஸ்டஸ் பிம் என்ற துரை கண்டத்தையே குறுக்கே கடந்துவிடுகிறேன் என்று கிளம்பி, அந்தப் பக்கமாக வந்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் நாக்கு வறண்டு செத்துப்போனார். கிணறு எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை, வெட்டவும் இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். கிணற்றை அவர் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

நோரீன் ஹாஸ்லெட் அந்த ஊரில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் கடற்கரைப் பக்கம் ஓடிப்போய் வெகுகாலம் ஆகிறது, அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. காலையில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு முதலில் முட்டைப் பாறைகளுக்குப் போவாள். அங்கிருந்து உப்பு ஏரி, பிறகு கூரை பறந்துபோன பழைய தந்தி நிலையம், கடைசியில் பிம் மரம். சாகும் முன் துரை தன் பெயரைக் கத்தியால் கீறிய மரம் அது. எப்போதோ பட்டுப்போய், கரையான் தின்று உள்ளே குடைந்துவிட்டதால் நகராட்சி அதற்குள் சிமென்ட் ஊற்றி, இரும்புக் கம்பி முட்டுக்கொடுத்து, சுற்றிலும் வேலி போட்டிருந்தது. மரம் என்று சொல்ல அதில் பட்டை மட்டும்தான் மிச்சம்.

மரத்தடியில் நின்று நோரீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு துரையின் வீரத்தைச் சொல்வாள். முகத்தில் ஈ மொய்க்காமலிருக்கத் தலையில் வலை மாட்டிய கிழவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பிறகு கட்டாயம் யாராவது ஒருவர் கேட்பார்.

"ஏம்மா, பக்கத்துல எங்கயுமே தண்ணி இல்லையா?"

இருக்கிறது. எதிரே தெரியும் சிவப்பு மேட்டுக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில், எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான டோல்மர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இருந்தார்கள், இன்றும் அந்த நிலம் அவர்களுடையதுதான். பிம் செத்த அன்றைக்குக்கூட அவர்களில் சிலர் மேட்டின் மேல் நின்று, இந்த மனுஷன் ஏன் எதிர்ப்பக்கமாகப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கூப்பிட்டும் பார்த்தார்களாம். துரை துப்பாக்கியைத் தூக்கியதும் விட்டுவிட்டார்களாம்.

ஆனால் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்பது மேயர் கிளைவ் ஹன்னிசெட்டின் கண்டிப்பான உத்தரவு. "சோகம் கெட்டுடும் நோரீன். ஜனங்க சோகத்துக்குத்தான் டிக்கெட் வாங்குறாங்க," என்பார். அதனால் நோரீன், "அந்தக் காலத்துல ரொம்ப வறட்சிங்க," என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடப்பாள்.

கிளைவ் மாட்டுத் தீவனம் விற்றுப் பணக்காரர் ஆனவர். மேயர் ஆனதிலிருந்து அவருக்குத் தன்னை பிம்மின் வாரிசாகவே நினைப்பு. அந்த வருஷம் பிம் செத்த நாளுக்குத் தானே பிம் வேஷம் கட்டி, துரை நடந்த கடைசி வழியில் ஒட்டகத்தோடு நடக்கப்போவதாக அறிவித்தார். நகரத்திலிருந்து டிவிக்காரர்கள் வருவார்களாம். ஊர் எங்கேயோ போய்விடுமாம்.

நகராட்சிக் கூட்டத்தில் இதை எதிர்த்தது ஒரே ஒரு ஆள்தான். வெர்னா டோல்மர். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, கவுன்சிலராக ஜெயித்து வந்தவள். நோரீனும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நோரீன் அன்றைக்கு வேடிக்கை பார்க்கப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"கிளைவ், நவம்பர் மாசக் கோடை வெயில்ல கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டு நடக்கப்போறியா?" என்றாள் வெர்னா.

"பிம் நடந்தாரே."

"நடந்தாரு. அப்புறம் என்ன ஆச்சுன்னும் சேத்துப் படிச்சியா?"

கூட்டத்தில் சிரிப்பு. கிளைவின் கழுத்து சிவந்தது. "உனக்கு நம்ம வரலாறுன்னாலே இளக்காரம் வெர்னா."

"சேச்சே. எங்க வீட்டு வாசல்ல வழி கேக்காம செத்த மனுஷன், மறக்க முடியுமா?"

ஓட்டெடுப்பில் வெர்னா தனியாகத் தோற்றாள். "போ, நல்லா நட. ஞாயித்துக்கிழமை நாங்க குடும்பத்தோட ஊத்துக்குப் போறோம். தாகமா இருந்தா வந்துட்டுப் போ," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெயில் முகத்தில் அறைந்தது. நோரீன் வேன் நிறைய ஆட்களோடு முட்டைப் பாறைகளுக்கு வந்து சேர்ந்தபோது கிளைவ் ஏற்கெனவே வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார். கறுப்புக் கம்பளிக் கோட்டு, அகலத் தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ், பசை போட்டு ஒட்டிய தாடி. தாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பக்கத்தில், மாட்டுப் பண்ணையிலிருந்து வாடகைக்குப் பிடித்துவந்த ஒட்டகம், இதெல்லாம் எனக்குத் தேவையா என்கிற முகத்தோடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

டிவிப் பெண் ஃபிலிப்பா கேமரா வழியாகப் பார்த்துவிட்டு, "மேயர் சார், பாக்கெட்ல ஃபோன் துருத்திக்கிட்டுத் தெரியுது. அந்த பிளாஸ்டிக் பாட்டிலும் வேணாம்," என்றாள்.

கிளைவ் இரண்டையும் எடுத்து நோரீனிடம் நீட்டினார்.

"தண்ணிய மட்டுமாவது வெச்சுக்கோ கிளைவ்."

"பிம்கிட்ட பிளாஸ்டிக் பாட்டில் இருந்துச்சா? தோ இருக்கு மரம். மேட்டைச் சுத்தி வந்தா முடிஞ்சது. நீ போய் பேண்டு வாத்தியத்தை ரெடியா நிக்கச் சொல்லு."

"ஒட்டகக்காரனையாவது கூட அனுப்பட்டுமா?"

"பிம் தனியாத்தான் நடந்தார்!" என்று சொல்லிவிட்டு ஒட்டகத்தின் கயிற்றை இழுத்தார்.

ஃபிலிப்பா அவர் முதுகைப் படம் பிடித்தாள். சிவப்பு மண், நீல வானம், நடுவில் கறுப்புக் கோட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மணல் மேட்டுக்குப் பின்னால் அவர் மறைந்ததும் எல்லோரும் வேனில் ஏறி பிம் மரத்துக்கு வந்துவிட்டார்கள்.

மரத்தடியில் விழாக்கோலம். ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியில் பீர் மிதந்தது. வாத்தியக்காரர்கள் சோக கீதத்தைப் பழகி முடித்து, இன்னொரு முறை பழகி முடித்து, பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நிழல் தேடிப் போனார்கள். கிளைவைக் காணோம். நேரம் ஆக ஆக நோரீன் மேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய தண்ணீர் பாட்டில் அவள் கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது. அந்த ஆளை அவளுக்குப் பிடிக்காதுதான். அதற்காக இப்படியா?

"போலீசுக்குச் சொல்லிட்டேன். அவங்க ஏரிப் பக்கம் வேற வேலையா இருக்காங்களாம், வர நேரமாகும்," என்றார் நகராட்சி எழுத்தர்.

"வர்றப்போ வரட்டும்," என்று நோரீன் வேனைக் கிளப்பினாள். இறங்கச் சொல்லியும் விருந்தாளிகள் ஒருவரும் இறங்கவில்லை. ஃபிலிப்பா கேமராவோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு கிழவர் ஆவலோடு கேட்டார். "ஏம்மா, இதுவும் டிக்கெட்டுலயே சேர்த்தியா?"

மேட்டைச் சுற்றித் தேடியும் ஆள் அகப்படவில்லை. கடைசியில் நோரீன் டோல்மர் நிலத்தின் கேட்டைத் திறந்துகொண்டு ஊற்றுக்கு விட்டாள். அனுமதி கேட்காமல் அந்த கேட்டை அவள் தாண்டியது அதுதான் முதல் தடவை.

ஊற்றங்கரையில் டோல்மர் குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அடுப்பில் கரி பிடித்த தகரப் பானையில் டீ கொதித்தது. தண்ணீர் ஓரத்தில் கிளைவின் ஒட்டகம் கழுத்தை நீட்டி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. சேணத்தில் பிம் துரையின் தொப்பி தொங்கியது.

"இது அப்பவே வந்துருச்சு," என்றாள் வெர்னா. "ஓட்டுனவரு இறங்கிப் படம் எடுத்துட்டு இருக்காருன்னு நெனச்சோம்."

"அவரைக் காணோம் வெர்னா. தண்ணியும் இல்ல, ஃபோனும் இல்ல."

வெர்னாவின் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று அணைந்தது. "இந்த வெயில்லயா? லெஸ், எழுந்திரு," என்று தம்பியைத் தட்டி எழுப்பினாள். மூவரும் தண்ணீர்க் கேனோடு மேட்டில் ஏறினார்கள். பின்னாலேயே ஃபிலிப்பா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

உச்சியில் நின்று லெஸ் அடித்தொண்டையில் கூப்பிட்டான். பதில் இல்லை. பிறகு கீழே, கூப்பிடு தூரத்தில், முல்கா என்கிற அந்தப் பக்கத்துக் குட்டை மரம் ஒன்றின் அடியில் கறுப்பாக ஏதோ அசைவது தெரிந்தது.

கிளைவ் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒட்டுத் தாடி மார்பில் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கையில் கார் சாவி. அதை வைத்து மரப் பட்டையில் கிளைவ் என்று முழுசாகக் கீறி, ஹன்னிசெட்டில் பாதிவரை வந்திருந்தார்.

வெர்னா குனிந்து அதைப் படித்தாள். "நல்ல வேளை உனக்கு நீளமான பேரு. சின்னப் பேரா இருந்தா இந்நேரம் எழுதி முடிச்சிட்டுப் போய்ச் சேர்ந்திருப்ப."

"ஒட்டகம்..." என்றார் கிளைவ் ஈனஸ்வரத்தில். "வலது பக்கமே இழுத்துச்சு. நான் இடது பக்கம் இழுத்தேன். கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு."

"அது தண்ணி வாசனைக்கு இழுத்துச்சுடா, மடையா," என்றான் லெஸ்.

"பிம் இடது பக்கம்தான் போனார்."

நோரீனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் தலையைத் தூக்கி மடக்கு மடக்காகத் தண்ணீர் புகட்டினாள். கோட்டைக் கழற்றி எறிந்தார்கள். லெஸ் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி, மறுபக்கம் இறங்கி, ஊற்றில் கழுத்துவரை உட்கார வைத்தான். விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் கிளைவ் கண்ணை விழித்துப் பார்த்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடனே குரலில் தேன் சேர்ந்தது, பூர்வகுடிப் பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும் 'ஆன்ட்டி'யும் சேர்ந்தது. "ஆன்ட்டி வெர்னா, உங்க குடும்பத்துக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கு."

"கேமரா இருந்தா ஆன்ட்டியா?" என்றாள் வெர்னா. "டீயைக் குடி. குடிச்சிட்டுக் கப்பைக் கழுவி வை."

அன்று சாயங்காலம் நாடு முழுக்க அதைப் பார்த்தது. சாவி, தாடி, கப் கழுவியது, எல்லாம். பிம்ஸ் வெல் ஒரு வாரம் தலை குனிந்து நடந்தது. கிளைவ் கடைக்கே வரவில்லை. ஆனால் மறுவாரம் நோரீனின் வேனுக்குக் கூட்டம் அலைமோதியது. தந்தி நிலையம் எவனுக்கும் வேண்டாம். "மேயர் பேரெழுதின மரம் எங்கங்க?" என்பதே பேச்சு. கிளைவ் வீட்டை விட்டு வெளியே வந்தார். பிறகு மரத்தடியில் வந்து நின்று படமெடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். தன் போராட்ட அனுபவத்தைப் பற்றி மதிய விருந்துகளில் பேசப் போனார். அவர் சொல்லும் கதையில் கார் சாவி கத்தியாகிவிட்டது, லெஸ் வரவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த முல்கா மரத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து வேலி போட வேண்டும் என்று அவரே தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் வெர்னாவைப் பார்த்தார்கள். அவள் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வெளியே வந்ததும் நோரீன் அவளைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன பைத்தியமா? நீ எப்படி அதுக்கு ஓட்டுப் போட்ட?"

"ஏன், போடக் கூடாதா?" வெர்னா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எங்க வீட்டுப் பிள்ளைங்க சிரிக்கிறதுக்கு இத்தனை நாளா ஒரே ஒரு மரம்தான் இருந்துச்சு. அதுவும் உள்ள சிமென்டு. பாவம், பழசாயிருச்சு."

அவள் காரில் ஏறிப் போனாள். நோரீனின் வேனில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்து, ஏசி வேலை செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.