ஐந்து மணிக்குள் ஒரு முத்திரை

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில், வாயில் உருளைக்கிழங்கோடு, என் புருஷன் வில்ஃப்ரீட் பேச்சை ஆரம்பித்தான்.

"இன்னைக்கு ரூடி உன் கவுண்டருக்கு வருவான். கொஞ்சம் நிதானமா வேலை பாரு."

"நான் எப்பவும் நிதானமாத்தான் பாக்குறேன்."

"இன்னும் கொஞ்சம் நிதானமா."

வில்ஃப்ரீட் எங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் செயலாளர். நான் ஊர் தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. ரூடி காலவார்ட் எங்கள் முன்னணி ஆட்டக்காரன். பகலில் காய்கறி உறைய வைக்கும் ஆலையில் வேலை, மாலையில் பயிற்சி. அந்த வருஷம் முப்பத்தொரு கோல் போட்டிருந்தான். அந்தக் காலத்து விதிப்படி, இப்படி வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவன் கிளப்புக்குச் சொந்தம். விலக வேண்டுமானால் ஏப்ரலில் மட்டும்தான் முடியும். விலகல் கடிதம் பதிவுத் தபாலில் போக வேண்டும். ஏப்ரல் முப்பதைத் தாண்டி ஒரு நாள் முத்திரை விழுந்தாலும் இன்னொரு வருஷம் கட்டிப்போட்ட மாடுதான். அன்று 1986 ஏப்ரல் முப்பது.

கடலோரத்து முதல் டிவிஷன் கிளப் ஒன்று அவனைக் கேட்டிருந்தது. முழுநேர ஆட்டக்காரன், சம்பளம், பெரிய மைதானம். மே மாதம் பிறக்கும்போது அவன் கையில் விடுதலை இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு அப்போதே இருபத்தாறு வயது. யாரும் இரண்டாம் தரம் வந்து கேட்கப் போவதில்லை. அவர்களுடைய ஒப்பந்தம் அன்று காலைத் தபாலில்தான் வந்தது, என் கை வழியாகத்தான் போனது. அது கைக்கு வராமல் எவன் விலகுவான்? நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. கிளப் தலைவர் காதுக்கு எப்படிப் போனதோ, தெரியாது.

அவன் போவதில் எனக்கும் இஷ்டமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். என் அப்பா முப்பது வருஷம் அந்த மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர். அவன் இல்லாமல் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நாலு முப்பத்தைந்துக்குத் தலைவர் ஓமர் லக்ரூ உள்ளே வந்தார். இறைச்சி மொத்த வியாபாரி; ஊரில் பாதிப் பேர் அவரிடம் வேலை பார்ப்பவர்கள். கையில் செருப்புப் பெட்டி. அவர் பின்னாலேயே ரூடி, ஆலை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சைக்கிளில் வந்த மூச்சிரைப்போடு.

"அடடே, ரூடி! முட்டி எப்படி இருக்கு?" என்றார் தலைவர், ரொம்பப் பாசமாக.

"பரவால்ல, தலைவரே."

பெட்டி திறந்தது. உள்ளே நாற்பது உறைகள். எல்லாவற்றிலும் என் புருஷனின் கையெழுத்து.

"சீசன் விருந்து அழைப்பும்மா. எல்லாம் பதிவுத் தபால்."

"விருந்துக்கு யாராவது பதிவுத் தபால் அனுப்புவாங்களா?"

"மரியாதை, லுட்கார்ட். மரியாதை."

ஒரு பதிவுத் தபாலுக்கு எடை பார்க்க வேண்டும், சீட்டைக் கையால் நிரப்ப வேண்டும், எண் ஒட்டி முத்திரை அடித்து ரசீது கிழிக்க வேண்டும். எவ்வளவு பறந்தாலும் ஒரு நிமிஷம். பக்கத்துக் கவுண்டர் ஆள் விடுமுறையில் இருந்தாள். ஐந்து அடித்ததும் முத்திரைத் தேதியை நான் திருப்பியாக வேண்டும்; போஸ்ட்மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். மறுநாள் மே தினம். அதனால் அடுத்த தேதி மே இரண்டு. உள்ளே நிற்பவர்களை வெளியே அனுப்ப மாட்டோம், ஆனால் விழுவது மே இரண்டுதான். இதெல்லாம் தலைவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கத் தேவையில்லை. என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவன்தானே செயலாளர்.

முதல் உறையைத் தராசில் வைத்தேன். முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. காலி உறை.

ரூடி மெதுவாக முன்னால் வந்தான். "தலைவரே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். முன்னாடி விடுறீங்களா?"

"வரிசைன்னா வரிசைதான், தம்பி. கோல் முன்னாடி எவனாவது உனக்கு வழி விடுறானா?"

ரூடி கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். வேகமாக எழுதினேன் என்றுதான் சொல்ல ஆசை. வேகமாகவும் எழுதவில்லை, மெதுவாகவும் எழுதவில்லை. விரல் வலித்தது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

நாலு ஐம்பத்திரண்டு. பதினேழாவது உறை. முகவரியைப் படித்ததும் பேனா நின்றுவிட்டது.

திரு. கமீல் டெபூக்.

என் அப்பா. செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

"இது யாருக்கு?" என்றேன்.

"யாருக்கா? நம்ம கமீலுக்கு..." தலைவர் பாதியில் நிறுத்தினார். அவர் கழுத்து சிவந்தது. அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்தபோது முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர். "பழைய லிஸ்ட்டு போலம்மா. வில்ஃப்ரீட் எழுதினது. நான் பாக்கல."

வில்ஃப்ரீட் எழுதியது. மாமனார் பெயரை எழுதும்போது அவன் கை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை; எழுத்து அழகாகவே இருந்தது.

"முகவரியில ஆள் இல்லன்னு தெரிஞ்சே நான் பதிவு பண்ண முடியாது," என்றேன். "பெட்டியை எடுத்துட்டுப் போய் அந்த மேசையில வச்சு மிச்சத்தையும் சரி பாருங்க. இன்னும் எத்தனை பேரைச் கல்லறையிலேர்ந்து விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்களோ."

"லுட்கார்ட், விளையாடாத."

"அடுத்த ஆள்!"

தலைவர் நகரவில்லை. தொந்தியால் கவுண்டரை அடைத்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் என் அப்பாவோடு சீட்டாடியவர். உறையை எட்டிப் பார்த்துவிட்டு, "அவ சொல்றது விதிதான், தலைவரே," என்றார்.

அப்போதும் அவர் நகரவில்லை. ரூடி அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினான். அந்தக் கையில் அவனுடைய ஒரே உறை. நாலு ஐம்பத்தேழு.

பின்பக்கம் திருப்பினேன். வெறுமையாக இருந்தது.

"அனுப்புறவர் முகவரி எங்க?"

"ஐயோ, மேடம்..."

"எழுது. சீக்கிரம்!"

கோல்கீப்பர் எதிரே கை கால் உதறாதவன், தன் தெருப் பெயரை எழுதப் பட்ட பாடு இருக்கிறதே! நான் அதற்குள் சீட்டை நிரப்பினேன். எண் ஒட்டினேன். தராசில் வைத்தேன், முள் இறங்கியது. முத்திரையை மையில் அழுத்தி ஓங்கி அடித்தேன். 30-4-1986. ரசீதைக் கிழிக்கும்போது தேவாலயத்து மணி ஐந்து அடிக்கத் தொடங்கியது.

தலைவர் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அடுத்த வருஷம் நாம கீழ எறங்கினா, அது உன்னாலதான்."

"சரி," என்றேன்.

ரூடி ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "மேடம், நான் எப்படி..."

"நீ போறது எனக்குப் பிடிக்கல. போய்த் தொலை. அங்க போய் நல்லா ஆடு."

அவன் போனான். கடலோரத்தில் ஒன்பது வருஷம் ஆடினான். நாங்கள் அடுத்த வசந்தத்திலேயே கீழே இறங்கினோம்.

விலகல் கடிதம் செயலாளர் பெயருக்கு வர வேண்டும் என்பது விதி. மே இரண்டாம் தேதி காலை, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் எங்கள் வீட்டு மணியைத்தான் அடித்தார். வில்ஃப்ரீட் உறையை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையை உற்றுப் பார்த்தான்.

"கொஞ்சம் கலங்கலா அடிச்சிருக்கக் கூடாதா?"

தலைவர் கவுண்டரில் விட்டுப்போன இன்னொரு உறையை நான் அவன் முன்னால் வைத்தேன். தன் கையெழுத்தைத் தானே படித்தான். காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பிரி," என்றேன். "எங்கப்பாவுக்கு என்ன எழுதி அனுப்பின, பாப்போம்."

"லுட்கார்ட்..."

"பிரி."

பிரித்தான். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினான், ஒன்றுமில்லை என்று தெரிந்தே. வாசலில் தபால்காரர் பேனாவை நீட்டியபடி நின்றிருந்தார். வில்ஃப்ரீட் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்து மட்டும் கோணலாக விழுந்தது.